இரவில் ஊறும் ஓட்ஸ்: யாழ்ப்பாணக் குசினிக்கு ஒரு கணக்கு

பாலில் ஓட்ஸைப் போட்டு இரவு பிரிட்ஜில் வைத்தால் விடிய சாப்பாடு தயார். இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஆசையாகத் தொடங்கி மூன்றாம் நாளே கைவிட்ட வீடுகளில் கேட்டுப் பாருங்கள். "பசை மாதிரிக் கிடந்தது", "பச்சை மா மணத்தது", "பப்பாப்பழம் போட்டேன், கைச்சுப் போச்சு" என்று குறைகள் எல்லாம் ஒரே அச்சில் வரும். இவற்றில் ஒன்றுகூட ஓட்ஸின் குற்றமில்லை. வாங்கிய பக்கற், ஊற்றிய பாலின் அளவு, எதை இரவே போட்டோம், எதை விடியப் போட்டோம் என்பவைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

இரவு ஊறவைத்து விடியச் சாப்பிடுவது எங்களுக்கொன்றும் புதிதல்ல. சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, விடியத் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, மிஞ்சிய குழம்போடு குழைத்து உருண்டை பிடித்த ஊர் இது. பழஞ்சோற்றுப் பழக்கத்தில் சிலர் ஓட்ஸையும் மேசையில் மூடி வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். முதல் பிழை அங்கேதான். பழஞ்சோற்றை வெளியே வைப்பது புளிக்கத்தான். அந்தப் புளிப்பை நாங்களே விரும்பி எடுக்கிறோம். ஓட்ஸுக்கு நாங்கள் கேட்பது புளிப்பையல்ல, ஊறலை மட்டும். பாலும் இனிப்பும் சேர்ந்த கலவை சித்திரை, வைகாசி இரவில் மேசையில் கிடந்தால் விடிய எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தானியங்களில் இயல்பாகவே இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் சூட்டுக்கும் சாகாமல், ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தவுடன் பெருகும். மணத்திலோ ருசியிலோ அது எப்போதும் தெரியாது. ஆகவே கலந்தவுடன் பிரிட்ஜுக்குள் போக வேண்டும். பிரிட்ஜின் உள்ளே 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். கதவுப் பக்கம் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடேறும்.

"பச்சை மாவை ஊறப்போட்டுத் தின்னுறதோ?" என்று அம்மம்மாக்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஓட்ஸ் பச்சை இல்லை. உமி நீக்கிய தானியத்தை ஆலையிலேயே ஆவியில் அவித்து, உலர்த்தி, உருளைகளுக்கு இடையே தட்டையாக்கித்தான் பக்கற்றில் போடுகிறார்கள். அரிசியோடும் குரக்கனோடும் பார்த்தால் ஓட்ஸில் கொழுப்பு அதிகம், கிட்டத்தட்ட 7 வீதம். அவிக்காமல் விட்டால் தானியத்திலுள்ள நொதியம் அந்தக் கொழுப்பை உடைத்துக் கைப்பாக்கிவிடும். எங்களுடைய அவலைப் போல என்று நினைத்தால் சரி: அதுவும் சூடுபட்டுத் தட்டையான நெல்லு, அதையும் அடுப்பில் வைக்காமல் ஊறவைத்தே சாப்பிடுகிறோம். இதே காரணத்துக்காக வறுக்காத குரக்கன்மாவையோ ஒடியல்மாவையோ "சத்துக்கு" என்று இந்தப் போத்தலுக்குள் கொட்டாதீர்கள். அவை சூட்டைக் காணாதவை; காய்ச்சிச் சாப்பிட வேண்டியவை.

எந்தப் பக்கற்?

கடையில் எல்லாப் பக்கற்றிலும் ஓட்ஸ் என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே மூன்று வகை உண்டு. பெரிய, தடித்த, முழுத் தட்டையாக இருப்பது ரோல்ட் ஓட்ஸ். அதையே முதலில் நறுக்கி மெல்லியதாகத் தட்டியது குவிக் ஓட்ஸ். இன்னும் நுணுக்கி, சுடுதண்ணீர் ஊற்றியவுடன் கரையும்படி செய்தது இன்ஸ்டன்ட். இரவு ஊறலுக்கு ரோல்ட் ஓட்ஸ்தான் சரி. எட்டு மணித்தியாலம் ஊறிய பின்னும் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக நிற்கும், கடிக்க ஏதாவது இருக்கும். குவிக் ஓட்ஸும் பரவாயில்லை, ஆனால் நான்கு மணித்தியாலம் போதும், பாலும் கொஞ்சம் குறைய வேண்டும். இன்ஸ்டன்ட் வேண்டாம். பசை, களி என்று வரும் முறைப்பாடுகளில் பாதி இதனால்தான். அதிலும் சுவையூட்டி, சீனி சேர்த்த சின்னச் சின்னப் பைகளை வாங்கினால் காசும் கூட, சீனியும் கூட. நறுக்கிய முழுத் தானியம் சில சுப்பர்மார்க்கற்றில் கிடைக்கும். அது ஒரு இரவில் சரியாக ஊறாது, பல்லுக்குள் அகப்படும்.

பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் ஓட்ஸ் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது. ஓட்ஸ் எங்கள் மண்ணில் விளைவதில்லை, குளிர் நாட்டுப் பயிர். கப்பலேறி வந்து களஞ்சியத்தில் கிடந்துதான் எங்கள் கைக்கு வருகிறது. காலாவதித் திகதி கிட்ட இருக்கும் பெரிய பக்கற்றை விலைக்கழிவுக்கு ஆசைப்பட்டு வாங்காதீர்கள். எங்கள் வெக்கையில் உடைத்த பக்கற் கெதியில் காறல் பிடிக்கும். பழைய தேங்காயெண்ணெய் மாதிரி ஒரு மணம் வந்தால் அது காறல்தான். ஏலக்காய் போட்டு மறைக்கப் பார்க்க வேண்டாம், கோழிக்குப் போடுங்கள். இரண்டு பேருக்கு 500 கிராம் பக்கற் போதும். வாங்கி வந்தவுடன் பக்கற்றோடே ஒரு கிழமை பிரீசரில் வைத்து எடுத்தால் வண்டு முட்டையிருந்தாலும் செத்துப்போகும். எடுத்தவுடன் உடைக்காமல், வெளி வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு காற்றுப்புகாத போத்தலில் கொட்டுங்கள். குளிரோடு உடைத்தால் ஓட்ஸில் ஈரம் படியும்.

அளவு

ஒருவருக்கு 40 கிராம் ஓட்ஸ், 100 மி.லீ. பால், 60 கிராம் தயிர், ஒரு சிட்டிகை உப்பு. இதுதான் அடி. மற்றதெல்லாம் இதற்கு மேலே வருபவை.

தராசு இல்லாத வீட்டில் 40 கிராம் என்பது மட்டமாக அள்ளிய 8 மேசைக்கரண்டி அளவு வரும். மேசைக்கரண்டி என்பது 15 மி.லீ. அளவுக் கரண்டி, கறி பரிமாறும் கரண்டியை வைத்து அளந்துவிட்டு ஓட்ஸைத் திட்டக்கூடாது. தேத்தண்ணிக் கோப்பையும் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு முறை தராசில் நிறுத்து, உங்கள் வீட்டுக் கிளாஸில் எந்தக் கோடு வரைக்கும் வருகிறது என்று பார்த்து வையுங்கள். பிறகு தராசு தேவையில்லை.

தயிர் கட்டாயமா என்றால் இல்லை. ஆனால் தயிர் இல்லாத ஓட்ஸுக்கும் தயிர் போட்டதுக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. பால் மட்டும் என்றால் ஊறிய ஓட்ஸ் ஒரு பக்கமும் நீர்ப்பால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். தயிர் அந்த இரண்டையும் பிடித்து வைக்கும், ருசிக்கும் ஒரு எடுப்பு வரும். சட்டியில் வரும் எருமைத்தயிர் என்றால் மிக நல்லது, கெட்டியாக இருப்பதால் பாலை 20 மி.லீ. கூட்டலாம். உறைந்து இரண்டு நாள் கழிந்த வீட்டுத்தயிர் ஏற்கெனவே புளித்திருக்கும். இரவு முழுக்கப் பழத்தோடு கிடந்தால் இன்னும் புளிப்புத் தெரியும். புதுத்தயிர் இல்லாவிட்டால் 80 கிராம் யோகட் கப் ஒன்றைப் போடுங்கள். அதில் பெரும்பாலும் சீனி இருக்கிறது, ஆகவே வேறு இனிப்பு வேண்டாம்.

உப்பைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். இனிப்புச் சாப்பாட்டுக்கு உப்பு எதற்கு என்கிறார்கள். பாயாசத்துக்கு ஒரு கல் உப்புப் போடுவது எதற்கோ அதற்குத்தான். உப்பில்லாத ஓட்ஸில் கடதாசி ருசி வரும்; அதை மறைக்கத்தான் சீனியைக் கூட்டுகிறோம்.

பாலைப் பற்றி

வீட்டுக்குப் போத்தலில் வரும் பசுப்பால் என்றால் பொங்கக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். காய்ச்சாத பாலை ஒருபோதும் இதற்குப் பாவிக்கக்கூடாது, ஏனென்றால் இதன் பிறகு அடுப்பே இல்லை. ஆறாத பாலை ஊற்றினால் ஓட்ஸின் வெளிப்பக்கம் உடனே வெந்து கரைந்து, விடிய களியாகக் கிடக்கும்.

பால்மா வீடுகளில் நடக்கும் பிழை வேறு. ஓட்ஸின் மேலே மாவைக் கொட்டிப் பச்சைத்தண்ணீரை ஊற்றிக் கலக்குவார்கள். மா கட்டி கட்டியாகி, போத்தலின் அடியில் கொஞ்சம், சுவரில் கொஞ்சம் என்று ஒட்டிக்கொள்ளும். மட்டமாக 2 மேசைக்கரண்டி பால்மாவை, கொதித்து இளஞ்சூட்டுக்கு வந்த 100 மி.லீ. தண்ணீரில் தனியாகக் கரைத்து, ஆறிய பிறகு ஊற்றுங்கள். இன்னும் கெட்டிப்பால் வேண்டும் என்று மூன்று, நான்கு கரண்டி போட்டால் ஓட்ஸுக்கு ஊறத் தண்ணீர் போதாமல் போகும். ஓட்ஸ் ஊறுவது தண்ணீரில்தான், பாலின் கெட்டியில் இல்லை.

தேங்காய்ப்பால் ஊற்றினால் என்ன என்று எங்களில் யாருக்கும் தோன்றும். தாராளமாக ஊற்றலாம், ஆனால் முதற்பாலை வேண்டாம். தேங்காய்க் கொழுப்பு குளிரில் உறையும். முதற்பால் ஊற்றிய போத்தலை விடியத் திறந்தால் மேலே வெள்ளையாக ஒரு மூடி. கரண்டியால் தட்டினால் மெழுகு மாதிரி உடையும், வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டும். இரண்டாம் பாலில் அந்தப் பிரச்சினை குறைவு. பிழிந்த பாலை ஆவி வரும் வரைக்கும் மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதித்தால் திரைந்துவிடும், சூடே காட்டாத தேங்காய்ப்பால் பிரிட்ஜிலும் ஒரு நாளுக்கு மேல் நம்பக்கூடியதல்ல.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் தண்ணீரில் ஊறவைக்கலாம். உண்மையில் இந்தச் சாப்பாட்டின் மூதாதையே அப்படித்தான். 1900ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மருத்துவர் பிர்ச்சர்-பென்னர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியில் ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் இரவு ஊறவைத்து, விடியத் துருவிய அப்பிளும் எலுமிச்சைச் சாறும் கொட்டைத்தூளும் ரின்பாலும் (ரின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால்) சேர்த்தார்கள். ரின்பால் என்றவுடன் எங்கள் சனத்துக்கு முகம் மலரும். அவரது கணக்கில் அது ஒரு மேசைக்கரண்டிதான், அரை ரின் இல்லை. அப்பிள்தான் அங்கே பெரும்பங்கு. ஓட்ஸ் சும்மா துணைக்கு.

கலக்கும் முறை

வாய் அகன்ற 350 அல்லது 400 மி.லீ. கண்ணாடிப் போத்தல் எடுங்கள். பழைய ஜாம் போத்தல் போதும். அலுமினியச் சட்டி, பித்தளைப் பாத்திரம் வேண்டாம், தயிரின் புளிப்பு அவற்றோடு சேராது. முதலில் ஓட்ஸ், உப்பு, சியா விதை போடுவதென்றால் அதுவும். இவற்றைக் காய்ந்த நிலையிலேயே ஒருக்கால் கலந்துவிடுங்கள். அடுத்துத் தயிர், அடுத்துப் பால். நீளக் கரண்டியால் அடிமுட்டக் கிளறுங்கள். போத்தலின் அடி மூலைகளில் காய்ந்த ஓட்ஸ் ஒளிந்திருக்கும். பத்து நிமிடம் விட்டு மீண்டும் ஒருக்கால் கிளறுங்கள். இந்த இரண்டாவது கிளறலைச் சோம்பலில் விடுபவர்கள்தான், மேலே ஓட்ஸ் மிதக்குது, கீழே சியா கட்டிபட்டுக் கிடக்குது என்று சொல்பவர்கள். ஆனால் அடித்துக் கலக்க வேண்டாம், பிளெண்டரில் சுற்ற வேண்டாம். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் இருக்கிறது. அது தண்ணீரைப் பிடித்து வழுவழுப்பாகும். மெல்ல ஊறினால் அது குழைவு. இதழ் உடையும்படி அடித்தால் அதுவே வெண்டிக்காய்க் கோழை.

போத்தலை நிரப்பாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். விடியப் பழம் போட இடம் வேண்டும். மூடியை இறுக்குங்கள்: பிரிட்ஜில் மீன்குழம்புச் சட்டி இருக்கிற வீட்டில், பாலும் ஓட்ஸும் அந்த மணத்தை இழுத்து எடுத்துவிடும். ஆகக் குறைந்தது நான்கு மணித்தியாலம், நல்லது எட்டு.

விடியத் திறந்தவுடன் பார்வைக்குக் கெட்டியாகத்தான் தெரியும். பயப்படாமல் கரண்டியை அடிவரை விட்டு ஒரு சுற்று. கரண்டியில் எடுத்துச் சரித்தால் மெதுவாக, கட்டியாக விழ வேண்டும்; ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றால் பால் போதாது, சொட்டுச் சொட்டாக ஓடினால் பால் அதிகம். போதாவிட்டால் ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றிக் கிளறி ஐந்து நிமிடம் விடுங்கள். ஓடினால் அன்றைக்கு அப்படியே குடியுங்கள், அடுத்த முறை 20 மி.லீ. குறையுங்கள். மூன்று நாளில் உங்கள் பக்கற்றுக்குச் சரியான அளவு பிடிபடும். பிராண்டை மாற்றினால் மறுபடியும் பார்க்க வேண்டும், தட்டையின் தடிப்பு கொம்பனிக்குக் கொம்பனி மாறும்.

சியா விதையும் கசகசாவும்

சியா விதை தன் எடையைப்போல் பத்து மடங்கு தண்ணீரை இழுக்கும். ஒரு தேக்கரண்டி போட்டால் 40 மி.லீ. பால் கூட ஊற்ற வேண்டும். ஒரு மேசைக்கரண்டி போட்டுவிட்டுப் பாலைக் கூட்டாதவர்களுக்குத்தான் கரண்டி நட்டு வைத்தால் நிற்கிற சீமெந்து கிடைக்கிறது. சியாவைக் காய்ந்தபடி மேலே தூவிச் சாப்பிடக்கூடாது, தொண்டையில் ஊதி அடைக்கும், ஊறத்தான் வேண்டும்.

சர்பத்துக்கும் பலூடாவுக்கும் போடுகிற எங்கள் கசகசாவை இதற்குப் பதிலாகப் போடலாமா என்றால் போடலாம், விலையும் தோதாக இருக்கும். ஆனால் அது வேறு மாதிரி வேலை செய்யும். ஐந்து நிமிடத்திலேயே ஊதும், கோழை விதையைச் சுற்றியே நிற்கும், கலவை முழுவதையும் கெட்டியாக்காது. வாயில் வழுக்கிற அந்த உணர்வு பிடித்தவர்களுக்கு நல்லது. (தமிழ்நாட்டில் கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கிற வேறு விதை. அங்கேயிருந்து வாசிப்பவர்கள் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.)

இனிப்பு

எங்கள் தேர்வு பனங்கட்டி. ஆனால் குட்டானைப் பிரித்து அப்படியே உடைத்துப் போட்டால் பல்லில் மண் கடிபடும். ஓலைத்துணுக்கு, மண், பதநீர் புளிக்காமல் இருக்க முட்டியில் பூசிய சுண்ணாம்பின் மிச்சம் எல்லாம் அதற்குள் இருக்கும். குளிர்ப்பாலில் கட்டி கரையவும் மாட்டாது. 100 கிராம் பனங்கட்டியை 50 மி.லீ. தண்ணீரில் போட்டு மெல்லிய நெருப்பில் கரைத்து, துணியில் வடித்து, ஆறவிட்டுச் சின்னப் போத்தலில் ஊற்றி வையுங்கள். பிரிட்ஜில் இரண்டு கிழமை இருக்கும். ஒரு போத்தல் ஓட்ஸுக்கு 2 தேக்கரண்டி போதும். இந்தப் பாணியை (பாகை) இரவே கலக்காமல் அடியில் ஊற்றி, மேலே ஓட்ஸைப் போட்டால் விடியக் கண்ணாடிக்குள் கறுப்பும் வெள்ளையுமாக வடிவாக இருக்கும். சின்னப்பிள்ளைகளை ஏமாற்ற இது போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனங்கட்டி, கருப்பட்டி, தேன் எல்லாம் சீனி வருத்தக்காரருக்குச் சீனிதான். "இது இயற்கை" என்பது குருதிக்குத் தெரியாது. 40 கிராம் ஓட்ஸிலேயே 26, 27 கிராம் மாச்சத்து இருக்கிறது. அதன் மேலே ஒரு முழு வாழைப்பழம், பனங்கட்டிப் பாணி, ரெண்டு பேரீச்சம்பழம் என்று அடுக்கினால் இது ஆரோக்கியச் சாப்பாடு இல்லை, வட்டிலப்பத்தின் தம்பி. சீனி வருத்தம் உள்ளவர்கள் 30 கிராம் ஓட்ஸ், கூடத் தயிர், ஒரு பிடி வறுத்த கச்சான், அரை இதரை வாழைப்பழம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலத்தின் பின் விரலில் குத்திச் சீனி அளவைப் பார்த்தால் தங்கள் உடம்புக்கு எப்படி என்று தெரியும். ஊசி போடுபவர்கள் அளவை மாற்ற முன் தங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

பழம்: எதை இரவு, எதை விடிய

பப்பாப்பழமும் அன்னாசியும் இரவு பாலோடு சேரக்கூடாது. இரண்டிலும் புரதத்தை அறுக்கும் நொதியம் இருக்கிறது. இறைச்சி மெதுமையாக வேக பப்பாசிக்காய்த் துண்டு போடுவது அதனால்தானே. அதே வேலையை அது பாலிலும் தயிரிலும் செய்யும்: புரதம் உடைந்து கைப்பு வரும், தயிர் நீர்விடும். சாப்பிடுவதற்கு முன் வெட்டிப் போட்டு உடனே சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. அன்னாசியை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதியம் செத்துப்போகும், பிறகு இரவே போடலாம்.

வாழைப்பழத்தை விடியப் போடுங்கள். இரவு போட்டால் கறுக்கும், பழச்சேறாகிவிடும். நீர்வேலிப் பக்கத்திலிருந்து வரும் இதரைதான் இதற்கு வாகானது: இனிப்பும் இறுக்கமும் உண்டு. கதலியில் இலேசான புளிப்பு இருப்பதால் தயிர் குறைத்து, பால் கூட்டிப் போட்டால் பொருந்தும். நன்றாகக் கனிந்து தோல் கறுத்த பழம் மிஞ்சினால் அதை மட்டும் இரவே மசித்துக் கலக்கலாம். நிறம் போகும், ஆனால் வேறு இனிப்புத் தேவைப்படாது.

வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் வந்துவிட்டால் வேறு பேச்சே இல்லை. பாதிப் பழத்தை மசித்து இரவே கலந்து, மீதிப் பாதியைத் துண்டாக்கி விடிய மேலே போடுங்கள். மாம்பழம் நீர்விடும், ஆகவே பாலை 30 மி.லீ. குறையுங்கள். பனங்கட்டி வேண்டாம், இரண்டு ஏலக்காய் மட்டும் தட்டிப் போடுங்கள். புளிப்பு மாறாத காய்ப்பதப் பழத்தைப் போட்டால் பால் திரையும்.

காய்ந்த பேரீச்சம்பழம், முந்திரிகை வத்தல் போன்றவை இரவே போகலாம், ஊறி இனிப்பைத் தாமே விடும். கறுவாத்தூளும் இரவே. கச்சான், கஜு, எள்ளு வறுத்தவை விடியத்தான். இரவு போட்டால் நமுத்துப்போன கச்சான்தான் மிஞ்சும். தேங்காய்ப்பூவும் விடியத்தான், துருவியவுடன்.

அதிகம் பேர் செய்துபார்க்காத ஒன்று: வறுத்த உளுத்தம்மா. இரண்டு தேக்கரண்டி உளுத்தம்மாவை இரவே ஓட்ஸோடு கலந்து, பாலை 20 மி.லீ. கூட்டி, பனங்கட்டிப் பாணியும் விடியக் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டால் உளுத்தங்களியின் மணம் அப்படியே வரும். மா மூக்குக்கு எட்டும் மணம் வரும்வரை முழுதாக வறுபட்டிருக்க வேண்டும். அரைகுறை வறுவல் என்றால் பச்சை உளுந்து மணம் காட்டிக்கொடுத்துவிடும், வயிறும் ஊதும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

பால், தயிர், ஓட்ஸ் மட்டும் என்றால் பிரிட்ஜில் மூன்று நாள். ஞாயிறு இரவு மூன்று போத்தல் போட்டால் புதன் விடிய வரைக்கும் அடுப்படிக் கவலை இல்லை. மூன்றாம் நாள் போத்தல் முதல் நாளைவிட மெதுமையாக இருக்கும், அதற்குப் பால் 10 மி.லீ. குறைத்துப் போடலாம். மாம்பழம் கலந்தது இரண்டு நாள். தேங்காய்ப்பால் ஒரே இரவு.

கரண்ட் போனால்? திறக்காத பிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். அதற்கு மேலே போய்விட்டால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்காமல் கொட்டிவிடுங்கள். இரவெல்லாம் வெட்டு என்று அறிவித்த நாளில் ஊறப்போடவே வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் இதே பதில்தான்: விடிய எழும்பியவுடன் 40 கிராம் ரோல்ட் ஓட்ஸில் கொதிபால் 120 மி.லீ. ஊற்றி மூடிவிட்டு முகம் கழுவி, குளித்து வாருங்கள். இருபது நிமிடத்தில் தயார். இரவு ஊறியதன் குழைவு வராது, ஆனால் வயிறு நிறையும், பயமும் இல்லை.

ஆறு மணி ரியூசனுக்கு ஓடும் பிள்ளைகளுக்கு இது நல்ல தோது. வீட்டை விட்டு இறங்க முன் நின்றபடியே சாப்பிட்டுவிடலாம். பள்ளிக்கூட இடைவேளைக்கு என்று புத்தகப் பையில் வைத்து அனுப்புவதுதான் சரியில்லை. எங்கள் வெயிலில் பால் கலந்த சாப்பாடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நிற்கக்கூடாது, இடைவேளை மணி அடிக்கப் பத்து மணி தாண்டிவிடும். இடைவேளைக்கு இடியப்பமோ, பாணோ கொடுத்துவிடுங்கள்.

வயிற்றுக்கு

நார் பழகாத வயிற்றுக்கு முதல் நாளே 40 கிராம் ஓட்ஸும் ஒரு கரண்டி சியாவும் இறக்கினால் பத்து மணிக்கு ஊதிக்கொண்டு நிற்கும். முதல் கிழமை 25 கிராமில் தொடங்குங்கள், தண்ணீரைக் கூடக் குடியுங்கள். கொழுப்பைக் குறைக்கும் என்று சொல்வது பொய்யில்லை: நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் கெட்ட கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவும்; அது இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று பக்கற்றில் எழுத 1997இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 40 கிராம் ஓட்ஸில் இருப்பது அதில் பாதியளவுதான். எனவே ஒரு போத்தல் ஓட்ஸைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு கணக்கைச் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். குளிரில் ஊறவைத்தால், இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும் பைற்றிக் அமிலம் போய் இரும்புச் சத்து உடம்பில் சேரும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அவிந்து வந்த ஓட்ஸில் அதை உடைக்கும் நொதியம் மிச்சமில்லை, பிரிட்ஜ் குளிரும் அதற்கு உதவாது. இரும்புக்கு வழி வேறு: நெல்லிக்காய், கொய்யாப்பழம், தோடம்பழம் என்று விற்றமின் சி உள்ள ஒன்றைக் கூடச் சாப்பிடுங்கள், தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். ஓட்ஸோடு தேத்தண்ணி குடிக்காதே என்றால் யாழ்ப்பாணத்தில் யார் கேட்கப்போகிறார்கள் என்பது வேறு கதை.

மாரி தொடங்கிக் கார்த்திகை, மார்கழியில் விடியக் குளிர்ச்சாப்பாடு இறங்காது. பாலில் மட்டும் ஊறவைத்ததைச் சட்டியில் கொஞ்சம் பால் விட்டு இரண்டு நிமிடம் சூடாக்கலாம். தயிர் போட்டதை அடுப்பில் வைத்தால் திரையும். குளிர் நாட்களுக்கு இரவே தயிரை விட்டுவிடுங்கள்.

இனிப்பே பிடிக்காதவர்களுக்கு உறைப்பு ஓட்ஸ் இருக்கிறது, எங்கள் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் மேல். 40 கிராம் ஓட்ஸுக்குக் கடைந்த தயிர் 100 கிராம், தண்ணீர் 70 மி.லீ., உப்புக் கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய. இவ்வளவும் இரவு. விடியச் சின்ன வெங்காயம் நான்கு, பச்சை மிளகாய் ஒன்று சீவிப் போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். வெங்காயத்தை இரவே போட்டால் கார நெடி தயிர் முழுக்க ஏறும், பிரிட்ஜும் மணக்கும். பக்கத்தில் பொரித்த மோர் மிளகாய் இரண்டு. தயிர்ச்சோறு சாப்பிடும் வாய்க்கு வித்தியாசம் முதல் கரண்டியில் தெரியும், மூன்றாவது கரண்டியில் மறந்துபோகும்.

சாப்பிட்டு முடித்தவுடன் போத்தலில் பச்சைத்தண்ணீர் நிறைய ஊற்றி வைத்துவிடுங்கள். ஓட்ஸ் காய்ந்தால் சுவரொட்டிப் பசை மாதிரிக் கண்ணாடியில் பிடித்துவிடும், பின்னேரம் வந்து சுரண்ட வேண்டிவரும். மூடியின் உள் ரப்பரைக் கழற்றித் தனியாகக் கழுவி, மூடாமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். பழைய தயிர் மணம் ஒளிந்திருப்பது எப்போதும் அந்த ரப்பருக்குள்தான்.